ஊசி நூல் இல்லாம மொட்டை மாடி தலகாணிக்கு உறை: எந்தத் துணி, எந்தப் பசை?

மாடிக்காத்து (தண்டையார்பேட்டை) கேட்டது:

மொட்டை மாடியில போட 16க்கு 16 இன்ச் தலகாணி ஆறு இருக்கு, உள்ளே ரெக்ரான் பஞ்சு. கூடவே சிமெண்ட் திண்டு மேல போட ஒரு ஃபோம் மெத்தை: நாலடி நீளம், 18 இன்ச் அகலம், 2 இன்ச் கனம். பாதி மாடிக்கு ஷீட் போட்டிருக்கு, ஆனா மதியம் ரெண்டு மணிக்கு மேல வெயில் உள்ளே வந்துடும். தையல் மெஷின் கிடையாது, கையால தைக்கவும் வராது.

கைவசம் இருக்கிறது மூட்டாத லுங்கி மூணு, பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒண்ணு, க்ளூ கன். இங்க ரெண்டு நாள் விட்டா மேல கறுப்பா தூசி படிஞ்சிடுது, அதனால வாரம் ஒரு தடவை கழட்டித் துவைக்கிற மாதிரி உறை வேணும். க்ளூ கன்ல ஒட்டினா நிக்குமா? ஃப்ளெக்ஸை உறையா போடலாமா? துணி வாங்கணும்னா எத்தனை மீட்டர்?


கோணிஊசி எழுதியது:

மூட்டாத லுங்கி மூணு இருக்குன்னா ஆறு தலகாணிக்கும் துணியே வாங்க வேணாம். பசையும் வேணாம். முடிச்சுப் போட்டே முடிச்சிடலாம்.

லுங்கி ரெண்டு மீட்டர் நீளம் இருக்கும். நடுவுல சரிபாதியா வெட்டினா ஒவ்வொண்ணும் 39 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல. அகலத்தையும் 39க்கு வெட்டிச் சதுரமாக்குங்க. மூலைக்கு மூலை மடிச்சுப் பாருங்க, விளிம்பு சேரலைன்னா சதுரம் தப்பு, முடிச்சு ஒரு பக்கமா இழுக்கும். மிச்சம் விழுற பட்டையைத் தூக்கிப் போடாதீங்க, தலகாணியை நாற்காலியில கட்ட உதவும்.

துணியை உள்பக்கம் மேல தெரியிற மாதிரி தரையில விரிச்சு, தலகாணியை நடுவுல கோணலா வைங்க. தலகாணியோட பக்கங்கள் துணியோட மூலைகளைப் பார்த்து இருக்கணும், தலகாணி மூலை துணி மூலையைப் பார்க்கக் கூடாது. இப்போ மேல் மூலையை இழுத்து தலகாணிக்கு மேல மூடுங்க. கீழ் மூலையை அதுக்கு மேல கொண்டுவந்து நுனியை உள்ளே மடிச்சுச் செருகுங்க. அப்புறம் இடது வலது மூலைகளை, பக்கத்துல பிதுங்குற துணியை உள்ளே தள்ளி நீவிவிட்டு, நடுவுல இறுக்கி முடிச்சுப் போடுங்க. முடிச்சு முதுகுப் பக்கம் போயிடும், முன்பக்கம் சுத்தமா இருக்கும்.

39 எப்படி வந்ததுன்னா: நடுவுலேர்ந்து தலகாணி விளிம்புக்கு 8, மடிஞ்சு திரும்பி நடுவுக்கு 8, உப்பலுக்கு 2 இல்ல 3, முடிச்சுக்கு 8. மொத்தம் 26, 27. 39 இன்ச் சதுரத்துல நடுவுலேர்ந்து மூலைக்கு 27½ கிடைக்கும். 18 இன்ச் தலகாணின்னா சதுரம் 42 ஆகணும். 36 இன்ச் துணியில 16 தலகாணியைச் சுத்தப் பார்க்கிறவங்கதான் "முடிச்சு நிக்கவே மாட்டேங்குது"ன்னு சொல்லுவாங்க. துணி பத்தாததுக்கு முடிச்சு என்ன பண்ணும்.

முடிச்சுல ஒரு விஷயம். முதல்ல வலதை இடது மேல போட்டா, அடுத்த தடவை இடதை வலது மேல போடணும். ரெண்டு தடவையும் ஒரே பக்கமா போட்டா முடிச்சு குறுக்கா திரும்பி நிக்கும், ரெண்டு நாள்ல தளர்ந்துடும். சரியா போட்ட முடிச்சு தட்டையா படுக்கும். பாலியஸ்டர் துணியில எப்படிப் போட்டாலும் வழுக்கும், இந்த முறை காட்டனுக்குத்தான்.

வெட்டின ஓரத்துல நூல் பிரியும். அதை மறைக்கப் போராட வேணாம். ஓரத்துலேர்ந்து அரை இன்ச்சுக்கு நீங்களே நூலை உருவி விட்டுடுங்க, குஞ்சம் மாதிரி நிக்கும். குஞ்சம் முடியிற இடத்துல துணிப் பசையை விரல்ல தொட்டு மெல்லிசா ஒரு கோடு இழுத்தா அதுக்கு மேல பிரியாது.

கட்டம் போட்ட லுங்கி சாயம் விடும். அமெரிக்காவுல 'மெட்ராஸ்'னு பேர் வெச்சு, சாயம் ஓடுறதையே விளம்பரம் பண்ணி வித்த துணியோட ஊர் நம்மளது. அதனால உறை கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு ராத்திரி முழுக்க ஊறவைங்க.


கஞ்சிபோட்ட வேட்டி எழுதியது:

கோணிஊசி சார் சொன்ன முடிச்சுல எனக்கு வழக்கு இல்ல, கல்லுப்புலதான். சாயத்தொட்டியில நூல் சாயம் பிடிக்க உப்பு உதவும். சாயம் போட்டு முடிச்ச துணியில அதிகப்படியா ஒட்டியிருக்கிற சாயத்தை உப்பு நிறுத்தாது. பச்சைத் தண்ணியில திரும்பத் திரும்ப அலசி, வெள்ளைக் கைக்குட்டையை ஈரத்துணி மேல அழுத்திப் பார்க்கணும். கறை ஏறலைன்னா போதும். அதுவரைக்கும் வெளிர் நிறத் தலகாணி மேல போடாதீங்க, பனி ஈரத்துக்கே இறங்கும்.

இப்போ க்ளூ கன். மாடிக்கு வேணவே வேணாம். அந்தக் குச்சி வெறும் சூட்டுல இளகுற பிளாஸ்டிக். 60, 70 டிகிரி வந்தாலே மெதுவாக ஆரம்பிச்சிடும். மே மாச வெயில்ல அடர் நிறத் துணியும் தரையும் அந்தச் சூட்டை நெருங்கும். சாயங்காலம் சாஞ்சு உட்கார்ந்தா ஒட்டு நூல் நூலா இழுத்துட்டு வரும். வெள்ளை மரப்பசை தண்ணியில ஊறினா விட்டுடும். பெவிகுவிக் மாதிரி உடனே ஒட்டுற பசையைக் காட்டன் துணியில ஊத்தவே கூடாது. பருத்தியில பட்டா சட்டுனு சூடேறி புகையும், விரலைச் சுடும். ஒட்டின இடமும் கண்ணாடி மாதிரி விறைச்சு முறியும்.

காட்டனுக்குச் சரியானது இஸ்திரி போட்டு ஒட்டுற ஃப்யூசிங் டேப், ¾ இன்ச் அகலம். தையல் சாமான் கடையில கேளுங்க. முடிச்சு வேணாம், கடையில வாங்கின மாதிரி தட்டையா வேணும்னா இதுல தபால் கவர் மாதிரி உறை பண்ணலாம். பின்பக்கம் ரெண்டு மடிப்பு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும், பட்டன் ஜிப் எதுவும் தேவையில்ல.

ஒரு தலகாணிக்குத் துணி 19க்கு 40 இன்ச். 40ங்கிறது முன்பக்கம் 16, பின்பக்கம் 16, மேலேறுறதுக்கு 6, ரெண்டு ஓரம் மடிக்க 2. மேலேறுறது 4 இன்ச்சுக்குக் கீழ போனா தலகாணி வாயைப் பிளந்துட்டு வெளிய எட்டிப் பார்க்கும்.

எல்லாரும் பண்ற தப்பு, துணியை உள்வெளியா மடிச்சு பக்கத்தை ஒட்டிட்டு, தையல் போட்ட மாதிரி திருப்புறது. அப்படித் திருப்பினா ஒட்டுன இடம் ஓரத்துலேர்ந்து உரியுற மாதிரி இழுபடும். ஸ்டிக்கர் பொட்டை நெத்தியில பக்கவாட்டுல தள்ளிப் பாருங்க, நகராது. ஓரத்துல நகத்தை விட்டுத் தூக்குங்க, உடனே வந்துடும். பசைக்கும் அதே கதைதான். அதனால பக்கத்தைத் திருப்பாம, முன்பக்கத் துணியோட ஓரத்தைப் பின்பக்கத்து மேல மடிச்சு ஒட்டணும்.

செய்யிறது இப்படி. 40 இன்ச் நீளத்துல நடு 16 இன்ச்சை மட்டும் 19 அகலத்துக்கு விட்டுடுங்க. ரெண்டு முனையிலயும் இருக்கிற 12, 12 இன்ச் பகுதியில பக்கத்துக்கு 1½ இன்ச் வெட்டி எடுத்து 16 அகலமாக்குங்க. முனைகளை ஒரு இன்ச் மடிச்சு டேப் வெச்சு ஒட்டுங்க. நல்ல பக்கம் வெளிய இருக்க, ரெண்டு முனையையும் பின்னாடி மடிச்சா நடுவுல 6 இன்ச் மேலேறும். அந்த 6 இன்ச்சுலயும் இடது வலது ஓரத்துல ரெண்டு அடுக்குக்கு நடுவுல துண்டு டேப் வைக்கணும். இதை விட்டுட்டா முதல்ல பிரியுறது அந்த மூலைதான். கடைசியா பக்கத்துல நீட்டிட்டு இருக்கிற 1½ இன்ச்சை, முதல்ல அரை இன்ச் உள்ளே மடிச்சு இஸ்திரி போட்டுப் படிய வெச்சு, மிச்ச ஒரு இன்ச்சைப் பின்பக்கத்து மேல டேப் வெச்சு ஒட்டுங்க. நூல் பிரியுற ஓரம் எதுவும் பக்கத்துல வெளிய தெரியாது.

டேப் ஒரு உறைக்கு ரெண்டு மீட்டர் கணக்கு வெச்சுக்கங்க, ஆறுக்கு 12 மீட்டர். துணி 44 இன்ச் அகலத்துல வாங்கினா 40 இன்ச் குறுக்கால வந்துடும், நீளத்துல உறைக்கு 19. ஆறுக்கு 114 இன்ச், சுருங்குறதுக்கும் சேர்த்து 3¼ மீட்டர். 58 இன்ச் அகலம் கிடைச்சா குறுக்கால மூணு உறை வந்துடும், 2¼ மீட்டர் போதும். ஆனா சுருங்குற துணியில 57 இன்ச் நிக்குமான்னு நனைச்ச பிறகு அளந்துட்டு வெட்டுங்க.

வெட்டுறதுக்கு முன்னாடி நனைக்கிறது கட்டாயம். புதுத் துணியில இருக்கிற கஞ்சி போகாம டேப் பிடிக்காது. காடா துணின்னா இன்னும் மோசம், கஞ்சியும் ஜாஸ்தி, சுருக்கமும் ஜாஸ்தி.

இஸ்திரிப் பெட்டி நடுத்தர சூட்டுல இருக்கணும். மேல ஈரக் கைக்குட்டை போட்டு, ஒரு இடத்துல 10லேர்ந்து 15 செகண்ட் அழுத்தி எடுத்து அடுத்த இடம். தேய்ச்சு நகர்த்தினா டேப் நகர்ந்து பெட்டியில ஒட்டும். முழுசா ஆறுறவரைக்கும் துணியைத் தூக்கிப் பார்க்காதீங்க, சூடா இருக்கும்போது இழுத்தா அந்த ஒட்டு அவ்வளவுதான். தெருமுனை கரிப்பெட்டிக்குக் கொடுக்கிறதா இருந்தா வேணாம்னுதான் சொல்லுவேன், அதுல சூட்டைக் கட்டுப்படுத்த வழியில்ல. ஒரு நாள் கழிச்சு துவைக்கலாம். பச்சைத் தண்ணி, கையால கசக்குங்க. கல்லுல அடிக்கக் கூடாது.

குடைத்துணி, ரெயின்கோட் துணி மாதிரி தண்ணி ஒட்டாத துணியில இந்த டேப் வேலைக்கு ஆகாது. தண்ணியையே ஒட்டவிடாத பூச்சு பசையை மட்டும் விடுமா. சூட்டுல பூச்சும் உருகும்.


காசிமேடு கயிறு எழுதியது:

தலகாணியைப் பத்தி ரெண்டு பேர் சொல்லிட்டாங்க, நான் திண்டு மெத்தைக்கு வர்றேன். அதுக்கு முடிச்சும் சரிவராது டேப்பும் சரிவராது, ஆள் உட்கார்ந்து எழுந்து இழுபடுற இடம். ஐலெட் (ஓட்டையைச் சுத்தி அடிக்கிற உலோக வளையம்) அடிச்சு அடியில கயிறு கோக்குறதுதான் வழி. கயித்துக் கட்டில் கால்மாட்டுல இழுத்துக் கட்டுற மாதிரியேதான்.

கேன்வாஸ் துணி 64க்கு 34 இன்ச். மெத்தை நீளம் 48, ரெண்டு பக்கக் கனம் 4, அடியில மடங்குறது பக்கத்துக்கு 5, ஓரம் இரட்டையா மடிக்க பக்கத்துக்கு 1. அகலத்துக்கும் அதே கணக்கு. 60 இன்ச் அகலக் கேன்வாஸ்ல 1¾ மீட்டர் வாங்கினா போதும், மிச்சம் ஒரு பட்டை நிக்கும்.

ஓரத்தை ஒரு இன்ச் மடிச்சு, அந்த இரட்டை அடுக்குல நடுவுல ஓட்டை போடணும். ஒத்தை அடுக்குல ஐலெட் அடிச்சா முதல் இழுப்புலயே துணி கிழிஞ்சு வளையம் கையில வரும். 10 மில்லி ஐலெட், 6 இன்ச்சுக்கு ஒண்ணு. நீளப் பக்கம் ஒம்போது ஒம்போது, அகலப் பக்கம் மூணு மூணு, மொத்தம் 24. ரெண்டு மூணு வீணாகும், 30 வாங்கிக்கங்க. அடியில கட்டைத்துண்டு வெச்சு அச்சுல சுத்தியலால ரெண்டு அடி. சிமெண்ட் தரையில நேரா வெச்சு அடிச்சா அச்சு முனை மழுங்கும்.

ஐலெட் வாங்கும்போது பையில ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க. பித்தளை மாதிரியே மின்னும், ஆனா காந்தத்துல ஒட்டினா உள்ளே இரும்பு. நம்ம கடல் காத்துக்கு முலாம் போயி துணியில துருக்கறை வட்டம் வட்டமா விழும், அந்தக் கறை போகவே போகாது. பித்தளைன்னா பச்சையாகும், துருப்பிடிக்காது. அதே காரணத்துக்குத்தான் ஊக்கு குத்துறதும் கூடாது, எவ்வளவு அவசரமா இருந்தாலும்.

கயிறு 4 மில்லி பாலியஸ்டர். நைலான் ஈரத்துல நெகிழும், வெயில்லயும் சீக்கிரம் பலம் போகும். நீளவாக்குல இருக்கிற ரெண்டு ஓரத்தை முதல்ல குறுக்கும் மறுக்கும் இழுத்துக் கோத்து, மூலையைப் பொட்டலம் மடிக்கிற மாதிரி முக்கோணமா மடிச்சுட்டு, அப்புறம் அகலப் பக்கத்தை இழுங்க. கடைசி முடிச்சு உருவுமுடிச்சா இருக்கட்டும், வாராவாரம் அவிழ்க்கணும் இல்லையா.

ஒட்டுற வெல்க்ரோ வாங்கிடாதீங்க. அதோட பின்பக்கப் பசை சூட்டுல நகரும், கொக்கியில தூசியும் முடியும் அடைஞ்சு பிடிப்பு போயிடும்.


மாடிக்காத்து கேட்டது:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். மெத்தைக்கு அடியில உறை திறந்திருந்தா மழைத்தண்ணி ஏறாதா? அதுக்குப் பதிலா ஃப்ளெக்ஸை வெட்டி உள்உறையா முழுசா சுத்தி ஒட்டிட்டு, மேல துணி உறை போட்டா? அப்புறம் துணி எங்க வாங்கலாம், கோடவுன் தெருவா எம்.சி. ரோடா?


காசிமேடு கயிறு எழுதியது:

திறந்திருக்கிறதுனாலதான் அண்ணே அது நல்லது. ஃபோம் தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கும். மேல எவ்வளவு மூடினாலும் சாரல் உள்ளே போகும், போன தண்ணி வெளிய வர வழி வேணும். முழுசா ஃப்ளெக்ஸ்ல சுத்தி ஒட்டினா உள்ளே போனது உள்ளேயே நின்னு நாறும். மழையே இல்லாட்டியும் ராத்திரி குளிர்ல பிளாஸ்டிக் உள்பக்கம் வேர்க்கும்.

ஃப்ளெக்ஸை வீணாக்க வேணாம். மெத்தைக்கு மேல் பக்கமும் நாலு ஓரமும் மூடுற அளவுக்கு மட்டும், 52க்கு 22 இன்ச், வெட்டி கேன்வாஸுக்கு அடியில தொப்பி மாதிரி கவுத்துடுங்க. அடிப்பக்கம் காத்து வாங்கும். அச்சடிச்ச பக்கம் ஃபோமைப் பார்த்து இருக்கட்டும், இல்லைன்னா மை வெளித் துணியில ஏறும். தனி உறையா மட்டும் போடாதீங்க, வெயில்ல தொடையைச் சுடும், வேர்வையில ஒட்டும், நாளாக நாளாக மடிப்புல வெடிக்கும். ரெக்ஸினுக்கும் இதே குறைதான்.

மெத்தையைத் திண்டு மேல நேரா படுக்க வைக்காம அடியில ரெண்டு மரச்சட்டம் போட்டா இன்னும் நல்லது. சிமெண்ட் ஈரத்தை விடாது. மழை நின்னதும் படுக்க வெச்சுக் காயவைக்காதீங்க, மெத்தையோட ஒரு மூலை கீழ வர்ற மாதிரி செங்குத்தா நிறுத்துங்க. தண்ணி முழுக்க கீழ் மூலைக்கு இறங்கி வடியும். ஐப்பசி கார்த்திகையில எந்த உறையும் காப்பாத்தாது, வீட்டுக்குள்ள எடுத்துடணும்.


கஞ்சிபோட்ட வேட்டி எழுதியது:

கோடவுன் தெரு மொத்த வியாபாரம் நடக்கிற இடம், பல கடையில முழுத் துணிச் சுருளாத்தான் தருவாங்க. மூணு மீட்டருக்கு எம்.சி. ரோடுதான் வசதி. இல்ல கோடவுன் தெருவுலயே கட்பீஸ் கேட்டுப் பாருங்க, ஆனா கட்பீஸ்ல ரெண்டு துண்டும் ஒரே சாயத் தொட்டியில வந்ததான்னு வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க. மாடி வெயில்ல நிற வித்தியாசம் நல்லாத் தெரியும். காட்டன் மேட்டி கேளுங்க, நெசவு தடியா இருக்கும், டேப் நல்லாப் பிடிக்கும். அடர் சிவப்பு, கருநீலம் சீக்கிரம் வெளுக்கும். சந்தன நிறம், சாம்பல் நிறம் வெளுத்தாலும் தெரியாது, அந்தக் கறுப்புத் தூசிக்கும் சாம்பல்தான் தோது.

தூசியைத் துவைக்கிறதுக்கு முன்னாடி உதறுங்க. நனைச்ச பிறகு தேய்ச்சா கரி நூலுக்குள்ள போயிடும். கடைசி அலசல் மெட்ரோ தண்ணியில (குழாயில வர்ற குடிதண்ணி). போர் தண்ணி உப்பா இருந்தா அந்த உப்பு துணியில தங்கி, சாயங்காலக் காத்துலேர்ந்து ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். காஞ்ச துணியே தொட்டா பிசுபிசுன்னு இருக்கிறது அதனாலதான், அங்கேர்ந்துதான் கறுப்புப் புள்ளிப் பூஞ்சையும் ஆரம்பிக்கும். புள்ளி புதுசா இருந்தா ஒரு பங்கு வினிகர், நாலு பங்கு தண்ணி கலந்து தேய்ச்சு வெயில்ல போடுங்க. பழசாயிட்டா கறை இருக்கும், வாடை மட்டும்தான் போகும்.


கோணிஊசி எழுதியது:

உப்பு விஷயத்துல வேட்டி சார் சொல்றதுதான் சரி, அலசுறதே போதும்.

மாடிக்காத்து, லுங்கி முடிச்சுல ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். ரெக்ரான் தலகாணி நாள்பட்டா மூலையில பஞ்சு விலகி நடுவுல மட்டும் உப்பும், அப்போ எவ்வளவு இறுக்கினாலும் துணி மூலையில தொங்கும். உறை மாத்துற அன்னிக்கு மூலையைப் பிடிச்சு நல்லா உதறிட்டுக் கட்டுங்க. இலவம்பஞ்சுத் தலகாணி ஏதாவது வீட்டுல இருந்தா அதை மாடிக்குக் கொண்டுபோக வேணாம், நனைஞ்சா கட்டி கட்டியாப் போயிடும், பிரிச்சுக் காயவைக்கிறதைத் தவிர வேற வழி கிடையாது.